இத்தாலி நெல் ஊரிலிருந்து தஞ்சாவூர் வயலுக்கு... ஒரு ‘டூப்ளிகேட்’ கருவியின் கதை!

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரே கேள்விதான்: ‘மிஷின் எப்ப வருது?’

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடலாம். ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் வயல்தான். சம்பா அறுவடைக் காலத்தில் இந்தச் சாலையில் போனால், லாரி முதுகில் ஏறி வரும் அறுவடை மிஷின், நெல் மூட்டை அடுக்கிய டிராக்டர், வைக்கோல் கட்டு ஏற்றிய மினி வேன் என்று எல்லாவற்றுக்கும் வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

கருக்கரிவாளும், தலைச்சுமையாகக் கதிர்க்கட்டும், களத்தில் கதிரடிக்கிற சத்தமும் டெல்டாவில் அநேகமாக ஓய்ந்துவிட்டன. ஈரம் காயாத வயலில் பெல்ட் மிஷின் இறங்குகிறது. காய்ந்த வயல் என்றால் டயர் மிஷின். வாடகை மணிக்கணக்கில். ஆள் வைத்து அறுத்த காலத்தில் நாள்கணக்கில் நடந்த வேலை, மிஷின் இறங்கினால் அரை நாளில் முடிந்துவிடுகிறது.

ஆனால், மிஷின் நின்றால்? அங்கேதான் சிக்கல். விளைந்து தலைசாய்ந்த நெல் ஒரு மழையைக்கூடத் தாங்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும்போது ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. மழை அதிகமான பருவங்களில் மத்திய அரசிடம் கேட்டு அந்த அளவைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் தாமதம் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பைத் தொட்டுவிடும் விஷயம்.

அந்த அவசரத்தில்தான் லேப்டாப்பும் கையுமாக ஒருவர் வயல் வரப்புக்கு வருகிறார்.

இரும்புக்குள் ஒரு மூளை

பழைய டிராக்டர் நின்றால் மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பார். டீசல் பம்ப், நாசில், ஃபில்டர் என்று எல்லாமே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இரும்புச் சாமான்கள். இப்போது இன்ஜினோடு ஒரு சின்ன அலுமினியப் பெட்டியும் சேர்ந்து வருகிறது. அதுதான் இ.சி.யு. மெக்கானிக்குகள் சிலர் இ.சி.எம். என்பார்கள்.

இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் இந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் எவ்வளவு டீசலைத் தெளிப்பது என்று பெட்டி முடிவு செய்யும். அந்த முடிவுக்கான கணக்குகள் அட்டவணைகளாக உள்ளே பதிந்திருக்கின்றன. தொழில் பேச்சில் அவற்றுக்கு ‘மேப்’ என்று பெயர்.

சாலையில் ஓடும் புதிய வாகனங்களுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி வந்தது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த அளவுக்குப் புகையைக் கட்டுப்படுத்த, பழைய பம்பால் முடியாது. அதனால் மின்னணு மூளை டிராக்டர் வரைக்கும் வந்துவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கோளாறு என்ன என்று அந்தப் பெட்டியிடம் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு ஸ்கேனர் என்கிற கருவி போதும். பெட்டிக்குள் இருக்கும் மேப்பை எடுத்து, மாற்றி, திரும்ப எழுதுவதற்கு வேறொரு கருவி வேண்டும். அதுதான் டியூனிங் கருவி. ‘பிக்கப் இல்ல’, ‘மைலேஜ் இல்ல’, ‘லோடு ஏத்துனா இழுக்கல’ என்று வரும் வாகனங்களுக்கு ‘ரீமேப்’ செய்வது இதை வைத்துத்தான்.

ட்ரீனோ என்கிற இன்னொரு நெல் ஊர்

டியூனிங் தொழிலில் உலகம் முழுக்கப் பழகிய பெயர்கள் கெஸ், கே-டேக். இரண்டையும் உருவாக்கியது ஏலியன்டெக் என்ற இத்தாலிய நிறுவனம். 1991-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. அது இருக்கும் ஊரின் பெயர் ட்ரீனோ.

இந்த ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா? இத்தாலியின் வடமேற்கில், வெர்செல்லி மாகாணத்தில். அதாவது, இத்தாலியின் தஞ்சாவூரில்! ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் அரிசியில் ஏறத்தாழ பாதி இத்தாலியில்தான் விளைகிறது. அதில் வெர்செல்லி முக்கியமான களஞ்சியம். ட்ரீனோவுக்குப் பக்கத்திலிருக்கும் லுச்சேதியோ மடத்துத் துறவிகள் 15-ம் நூற்றாண்டிலேயே அங்கே நெல் பயிரிட்டவர்கள்.

நமக்குக் காவிரி என்றால் அவர்களுக்குப் போ ஆறு. 1863-ல் தொடங்கி 1866-ல் வெட்டி முடித்த காவூர் கால்வாய், போ ஆற்றின் தண்ணீரைச் சுமார் 85 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகிறது. தஞ்சாவூர் நகரத்துக்குள் ஓடும் நம் புது ஆறு, மேட்டூர் அணை திறந்த அதே 1934-ல் வந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று நட்டார்கள், களை பறித்தார்கள். ‘மொண்டினே’ என்று அவர்களுக்குப் பெயர். அந்த வேலையை அங்கேயும் மிஷின் எடுத்துக்கொண்டது.

ஒரு நெல் ஊரில் செய்த கருவி இன்னொரு நெல் ஊருக்கு வருவது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ட்ரீனோவிலிருந்து முழு உரிமத்தோடு வாங்கினால் விலை லட்சங்களில் போகும். அதே பெயர், அதே நிறம், அதே பெட்டி, சில ஆயிரம் ரூபாய்க்கு இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஆர்டர் போட்டால் டெல்டாவின் எந்த ஊருக்கும் கூரியரில் வந்து சேரும். அது சீனாவில் அச்சு எடுத்த க்ளோன். பட்டறைப் பேச்சில் ‘சைனா பீஸ்’.

‘அப்டேட் செய்யாதீர்கள்!’

க்ளோன் கருவியை விற்பவர்கள் கூடவே ஒரு எச்சரிக்கையும் தருகிறார்கள்: இணையத்தில் இணைக்காதீர்கள், அப்டேட் கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள்! எந்தப் பொருளையாவது ‘புதுப்பித்தால் கெட்டுவிடும்’ என்று சொல்லி விற்பார்களா? இதை அப்படித்தான் விற்க முடியும்.

காரணம் எளிது. கருவிக்குள்ளும் ஒரு நுண்செயலி இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். புதிய வாகனங்கள் வர வர, அவற்றோடு பேசத் தெரிந்த புதிய ஃபர்ம்வேரை நிறுவனம் அனுப்பும். அனுப்பும் முன் நிறுவனத்தின் சர்வர் கருவியின் சீரியல் எண்ணைக் கேட்கும். ஒரே எண்ணை வைத்து அச்சு எடுத்த பெட்டிகள் ஊர் ஊராக இருந்தால் சாயம் வெளுத்துவிடும். அந்த நொடியே கருவி முடங்கும். சிலவற்றில் நுண்செயலிக்குள் இருந்ததே அழிந்துபோகும். அதன் பிறகு பெட்டியைப் பிரித்து, சிப்பில் பழைய மென்பொருளை மறுபடி எழுதினால்தான் உயிர் வரும்.

இணையத்தோடு சேராமலே வைத்திருந்தால்? கருவி பிழைக்கும், வளராது. அச்சு எடுத்த நாளில் எத்தனை வண்டிகளைத் தெரியுமோ, அத்தனைதான் என்றைக்கும் தெரியும். ஏலியன்டெக் நிறுவனம் இதற்குள் கெஸ், கே-டேக் இரண்டையும் சேர்த்து கெஸ்-3 என்ற ஒரே கருவியாக்கிவிட்டது. க்ளோன் இன்னும் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணையும் நம்ப முடியாது. காருக்கும் மொபைலுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன ஸ்கேனரில் ‘இ.எல்.எம். 327’ என்று போட்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அந்த சிப்பைக் கண்டுபிடித்தது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன கனடா நிறுவனம். முதல் பதிப்பில் காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. உலகமே காப்பி எடுத்தது. பெரிய எண் போட்ட பல போலிகளுக்கு, சின்ன எண் போட்ட அசல் செய்கிற வேலைகள் பலவும் தெரியாது. அந்த நிறுவனம் 2022-ல் கடையையே மூடிவிட்டது.

போலியை முடக்கும் அப்டேட்டுக்கு அப்பாவிகள் பலியான கதையும் உண்டு. ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் யு.எஸ்.பி. கேபிள்களுக்குள் இருக்கும் சிப் தயாரிக்கிறது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன அதன் புதிய டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. தங்கள் கேபிளுக்குள் போலி சிப் இருப்பதே தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்களின் பொருள்களும் ஒரே இரவில் செத்தன. எதிர்ப்பு கிளம்ப, அந்த டிரைவரைத் திரும்பப் பெற வேண்டிவந்தது.

கல்லணை சொல்லும் பாடம்

பிறரைப் பார்த்துச் செய்வதே தப்பா? டெல்டாவில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீரைப் பங்கிடும் கல்லணையில் போய் நின்றால், அங்கே இதற்கு வேறொரு பதில் இருக்கிறது.

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் இந்த அணையை, 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஆராய்ந்தார். ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். 1836-ல் கொள்ளிடத்தில் எழுந்த கீழணை அந்தப் படிப்பின் பலன். பிறகு அதே அறிவு கோதாவரியில் தவளேஸ்வரம் வரை போனது.

காட்டன் அச்சு எடுக்கவில்லை, புரிந்துகொண்டார். அதனால் வேறு ஆறு, வேறு மணல், வேறு வெள்ளம் வந்தபோதும் அவரால் கட்ட முடிந்தது. க்ளோன் கருவியில் இருப்பது அச்சு மட்டும். புதிய வண்டி வந்து எதிரே நின்றால் அதனிடம் பதில் இல்லை.

பெட்டி செத்தால் யாருக்கு நஷ்டம்?

கருவி செத்தால் மெக்கானிக்குக்குச் சில ஆயிரம் நஷ்டம். வண்டியின் இ.சி.யு. செத்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு. மேப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் கருவி நின்றாலோ, பேட்டரி இறங்கினாலோ, பெட்டிக்குள் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் குழம்பிப்போகும். எழுதியது சரிதானா என்று சரிபார்க்க ‘செக்சம்’ என்ற கூட்டல் கணக்கு ஒன்று உண்டு. அது தப்பினால் இன்ஜின் கிளம்பாமலே போகலாம். அறுவடை நாளில் வயல் நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்து லேப்டாப்பில். க்ளோனோடு வரும் மென்பொருளை நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும். வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம் இது.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் பதிவு செய்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள் சிறை, 50,000 ரூபாயிலிருந்து அபராதம்.

கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் ஏற்றும் பி.எஸ்.-6 லாரிகளில் இன்னொரு வேலை நடப்பதுண்டு. அவற்றின் புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் வேறொன்றுமில்லை, 32.5 சதவிகிதம் யூரியா கலந்த சுத்தமான தண்ணீர். அதை வாங்கும் செலவைத் தவிர்க்க, டியூனிங் கருவியால் அந்த அமைப்பையே அணைத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அணைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு நச்சுப்புகை வடிகட்டாமல் வெளியே வரும். சாலையோரத்தில் நெல் காயவைக்கும் பெண்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சுவாசிப்பது அதைத்தான். வயலுக்குப் போடும் 45 கிலோ மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றலாமே என்ற யோசனையும் உதவாது. அது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. லாரியின் வினையூக்கியைக் கெடுத்துவிடும். மானிய உரத்தை விவசாயத்துக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம்.

ஏன் போகிறார்கள் அந்தப் பக்கம்?

இத்தனை தெரிந்தும் க்ளோனுக்கு ஏன் கிராக்கி? கம்பெனி சர்வீஸ் ஆள் வருவதற்குள் மழை வந்துவிடும் என்ற பயம்தான் பாதி காரணம். ஊரிலேயே இருக்கும் மெக்கானிக்குக்கு வேலை தெரியும். வண்டியின் பெட்டியோடு பேசும் அனுமதியும், அசல் கருவி வாங்கும் வசதியும் அவரிடம் இல்லை.

இது தஞ்சாவூருக்கு மட்டுமான கதை இல்லை. சொந்த டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க முடியாத அமெரிக்க விவசாயிகள், உக்ரைனிலிருந்து வந்த திருட்டு மென்பொருளை வாங்கிப் போட்ட செய்தி 2017-ல் வெளியானது. பழுது பார்ப்பதற்காக டிராக்டர் மென்பொருளின் பூட்டைத் திறக்கலாம் என்று அங்கே 2015-லேயே விலக்கு கிடைத்திருந்தது. கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களுக்கென்றே ‘பழுது பார்க்கும் உரிமை’ச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் வந்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாய இயந்திரங்களும் உண்டு, மோட்டார் வாகனங்களும் உண்டு. உதிரிபாகம், வாரன்ட்டி, சர்வீஸ் மையம் போன்ற விவரங்களை நிறுவனங்கள் அங்கே வெளிப்படையாகத் தர வேண்டும் என்பது நோக்கம். ஊர் மெக்கானிக்கின் கைக்கு நியாயமான விலையில் அசல் கருவி வரும்வரை, போலிக் கருவிக்கு வாழ்வு இருந்துகொண்டேதான் இருக்கும்.

சாவியைக் கொடுக்கும் முன்...

* முதலில் கோளாறு எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல நேரம் ஒரு சென்சாரோ, அடைத்துப்போன ஃபில்டரோதான் காரணமாக இருக்கும். மேப்பைத் தொடவே தேவைப்படாது.

* பெட்டியில் எதையாவது எழுதத்தான் வேண்டும் என்றால், பழைய ஃபைலை முழுதாக எடுத்து வைத்தாயிற்றா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

* எழுதி முடியும்வரை மின்னழுத்தம் குறையாமல் இருக்க பேட்டரிக்குத் துணை மின்சாரம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

* கருவி அசலா, உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். உரிமம் உள்ளவர் பெருமையோடு காட்டுவார்.

* வாரன்ட்டி இருக்கும் வண்டியில் ரீமேப் வேண்டவே வேண்டாம். புகை வடிகட்டும் அமைப்பை அணைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அறுவடை நாளில் அது கிடைக்காது. டெல்டாவில் அந்த நேரம் சித்திரை, வைகாசியில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் வாய்க்கால்களைத் தூர்வாரும் மாதங்கள் அவை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டால் யாருக்கும் ஓய்வு இருக்காது. மடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்த நாள்களிலேயே டிராக்டரையும் சர்வீஸ் மையத்தில் ஒரு முறை காட்டிவிட்டால், தை மாதத்தில் வயல் நடுவே லேப்டாப்புக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்காது.